நம்ம வார்டுக்கு கவுன்சிலர் யாரு, மிஸ்?

(அண்ணனூரில் உள்ளாட்சி நாளையொட்டி 2025 நவம்பரில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மழை வேறு மிரட்டிக்கொண்டிருக்கிறது, அப்படியும் வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இன்றைக்குப் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான். அவர்களை வைத்துக்கொண்டே பேசக் கிடைத்தது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நான் சொல்வதில் பிசகு இருந்தால் எழுந்து சொல்லிவிடுவார்கள்.

இளைஞர்களுக்குக் கட்சிகள் மேலும் அரசாங்கத்தின் மேலும் ஏன் நம்பிக்கை போயிற்று என்று பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த இடம் வகுப்பறை. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019ஆம் ஆண்டு தொடக்கம், ஆறாம் வகுப்பு, மூன்றாம் பருவம். புதிய பாடநூல் வந்த முதல் வருஷம் அது. குடிமையியலில் 'உள்ளாட்சி அமைப்பு - ஊரகமும் நகர்ப்புறமும்' என்று ஒரு பாடம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று பலகையில் படிக்கட்டு மாதிரி வரைந்தேன். உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் ஐந்தாண்டு என்று சொல்லி முடித்தேன். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். "நம்ம வார்டுக்கு கவுன்சிலர் யாரு, மிஸ்?"

எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் கவுன்சிலர் என்று அப்போது யாரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாகவே இல்லை. அதை அந்தக் குழந்தையிடம் உள்ளபடி சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பலகைப் பக்கம் திரும்பி அடுத்த தலைப்பை எழுத ஆரம்பித்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக வகுப்பெடுத்தவள் நான். ஒரு குழந்தையின் கேள்விக்கு முதுகைக் காட்டியதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது.

அந்தக் காலி இடம் எப்படி உண்டானது என்று முதலில் பார்ப்போம். நாம் அரசியல் பேச உட்கார்ந்தால் டெல்லி, கோட்டை என்று மேலேயே பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். காலடியில் இருந்த பள்ளம் கண்ணில் படுவதில்லை.

2011இல் தேர்வான உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே தேர்தல் என்று அறிவித்து, வேட்புமனுவும் வாங்கியாகிவிட்டது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதத்தில் நடத்தியிருக்க வேண்டிய தேர்தல். வார்டு மறுவரையறை, மக்கள்தொகைக் கணக்கு, மாவட்டப் பிரிப்பு, மறுபடி வழக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிக்கு 2019 டிசம்பரில் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். நகரங்களுக்கு நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. ஆக, நகரத்தில் இருக்கிறவர்களுக்கு ஐந்து வருஷம் நாலு மாதம் மன்றமே கிடையாது. தனி அலுவலர்தான் எல்லாம்.

அந்த ஐந்து வருஷத்தில் நம் ஊருக்கு என்ன நடந்தது? 2019 ஜூனில் ஆவடி நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. தமிழ்நாட்டின் 15ஆவது மாநகராட்சி என்று பெருமையாகச் சொன்னார்கள். நம் அண்ணனூரும் அதற்குள்தான். வரி எவ்வளவு, எல்லை எது, வார்டு எத்தனை என்பதெல்லாம் முடிவாகிற நேரத்தில் நமக்காகப் பேச, நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஆள் அந்தக் கட்டடத்துக்குள் இல்லை. 48 வார்டுகளுக்கும் முதல் தேர்தல் 2022இல்தான். மாநகராட்சி பிறந்து இரண்டரை வருஷம் கழித்து.

தனி அலுவலர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ராத்திரி பகலாக உழைத்த அதிகாரிகளை எனக்குத் தெரியும். ஆனால் ஓர் அதிகாரி எவ்வளவு நல்லவரானாலும், அவரை வைத்தது நாமில்லை. சரியில்லை என்றால் மாற்றவும் நம்மால் ஆகாது. தெருவில் சாக்கடை பொங்கினால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், சத்தம் போடலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அதிகாரி என்றால், அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பலாம், அவ்வளவுதான். 2016இல் பதினெட்டு வயது முடிந்த ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். தன் தெருவுக்காக அவன் போட்ட முதல் ஓட்டு இருபத்து மூன்று வயதில். படிப்பு முடித்து, வேலை தேடி, தெருவில் தண்ணீர் நிற்பதையும் விளக்கு எரியாததையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த வருஷங்கள் முழுக்க, அவன் கேள்வி கேட்க ஒரு முகம் இல்லை. அவனைப் போய் "உனக்கு அரசியலில் அக்கறையே இல்லையே" என்று கேட்கிறோம்.

இது புதுசாக வந்த நோயும் இல்லை. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. அதன் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996இல். 23 வருஷம்! ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் கட்டிக்கொள்ளும் காலம் அது. எந்தெந்தக் கட்சி ஆட்சியில் இதெல்லாம் நடந்தது என்று எண்ணிப் பார்த்தால் இரண்டு பெரிய கட்சிகளும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்போதும் பாருங்கள். 2019இல் தேர்வான 27 மாவட்ட ஊராட்சிகளின் காலம் இந்த ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் திருவள்ளூர் மாவட்டமும் அதில் உண்டு. தேர்தல் இல்லை, மறுபடியும் தனி அலுவலர்கள். பக்கத்தில் அயப்பாக்கத்தில் யாரையாவது நிறுத்தி, "உங்க ஊராட்சித் தலைவர் யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேரளத்தில் 1995 தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி நடக்கப்போகிறது. 2020இல் அப்படி நடந்த தேர்தலில் வென்றுதான் ஆர்யா ராஜேந்திரன் என்கிற கல்லூரி மாணவி, 21 வயதில், திருவனந்தபுரம் மேயர் ஆனார். அந்தப் பெண்ணின் திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். போட்டியிடுகிற வயது வந்தபோது அங்கே தேர்தல் என்று ஒன்று நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி. இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். 2017 ஜனவரியை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது.

ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரில் கிளம்பிய தீ ஜனவரி 17ஆம் தேதி மெரினாவுக்கு வந்தது. அந்த வாரம் நம் ஆவடி, அம்பத்தூர்ப் பக்கமிருந்து கடற்கரைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே போன பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் பழைய மாணவர்களே ஏழெட்டுப் பேர் போனார்கள். ராத்திரியில் செல்பேசி வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள். குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள். பெண் பிள்ளைகள் விடிய விடியப் பயமில்லாமல் அங்கே இருந்தார்கள். மேடை இல்லை, தலைவர் இல்லை, கொடி இல்லை. ஆதரவு தெரிவிக்க வந்த கட்சிக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஜனவரி 21இல் அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அதே 23ஆம் தேதி காலையில்தான் மெரினாவில் போலீஸ் அடித்துக் கலைத்தது.

ஜல்லிக்கட்டு வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். அந்தப் பிள்ளைகள் அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது என்ன என்பதுதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. கூட்டமாக நின்றால் வாரத்துக்குள் சட்டம் வரும் என்று கற்றுக்கொண்டார்கள். கட்சி இல்லாமலே வரும் என்று கற்றுக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் அரசாங்கம் லத்தியோடு வரும் என்றும் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பிவந்தால், அந்த வேகத்தைக் கொண்டுபோய்ப் போட ஓர் இடம் வேண்டுமே. வார்டுத் தேர்தல் அந்த வருஷம் நடந்திருந்தால், குப்பை பொறுக்கிய கைகளில் பத்துப் பேராவது சுயேச்சையாக மனு போட்டிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். உள்ளாட்சியில் நிற்க 21 வயது போதும். வயது இருந்தது, ஆசை இருந்தது. தேர்தல்தான் இல்லை. அடுத்த மாதமே, எம்.எல்.ஏ.க்களைக் கொண்டுபோய்த் தங்கவைத்த கூவத்தூர் விடுதிக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதற்கடுத்த வருஷம், 2018 மே 22இல், தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இத்தனையும் வரிசையாகப் பார்த்த ஒரு தலைமுறைக்கு, "ஜனநாயகத்தில் பங்கெடு" என்று எந்த வாயால் பாடம் எடுப்பேன்?

எங்கள் முந்தின தலைமுறை வேறு மாதிரி வளர்ந்தது. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்கள் இரண்டே வருஷத்தில் ஆட்சியை மாற்றினார்கள். விருதுநகரில் காமராஜரை எதிர்த்து நின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். காமராஜர் தோற்றதற்கு அழுதவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு, என் பாட்டி உட்பட. அது வேறு துக்கம். நான் கவனிப்பது, தெருவுக்கு வந்த மாணவனுக்கு ஒரு கட்சி சீட்டு கொடுத்தது என்பதை. அதற்குப் பின்னால் பதினைந்து இருபது வருஷ வேலை இருந்தது. ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருந்தார்கள். டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் கட்சிப் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நாடகம் போட்டார்கள், பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். காங்கிரஸுக்கு வாசகசாலைகள் இருந்தன. கம்யூனிஸ்டுகளுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. மாலை வகுப்புகள் இருந்தன. பதினெட்டு வயதுப் பையன் கட்சிக்குப் போனால் பேசக் கற்றான், படிக்கக் கற்றான், நாலு பேரை ஒன்று சேர்க்கக் கற்றான்.

இன்றைக்குக் கட்சிக்குப் போகிற பையனுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள்? என் பழைய மாணவன் ஒருவன் இரண்டு வருஷம் ஒரு கட்சியில் இருந்தான். பேனர் கட்டினான், தலைவர் வரும்போது பைக்கில் முன்னால் போனான், செல்பேசிக்கு வருகிற படத்தையும் பதிவையும் நூறு பேருக்கு அனுப்பினான். "ஒரு தடவைகூட எங்கிட்ட, தம்பி, நீ என்ன நினைக்கிறன்னு யாரும் கேட்கல, மிஸ்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்வதுபோலச் சொன்னான். நம்பிக்கை போவது இப்படித்தான். பெரிய ஊழல் செய்தி வந்து ஒரே நாளில் போவதில்லை.

ஓட்டுக்குக் கொடுக்கிற காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2009 ஜனவரியில் நடந்த ஓர் இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் நம் நாட்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி. இந்தச் செய்திகளெல்லாம் பெரியவர்களான நமக்கு வெட்கம். வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு இது பாடம். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், ராத்திரி பத்து மணிக்கு, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஆள், "வீட்ல மொத்தம் எத்தனை ஓட்டும்மா?" என்று கேட்கிறார். அம்மா வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் வைக்கிறார். முதல் ஓட்டுப் போடப்போகிற பெண் அதை அறைக்குள்ளிருந்து பார்க்கிறாள். தன் கணக்குக்கும் ஒரு நோட்டு அதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வாங்குகிற வீடுகளைத் திட்ட எனக்கு மனமில்லை. அந்தக் காசு எந்த மளிகைக் கடனுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் மனசில் விழுந்த கீறலுக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை.

இன்னொன்று. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த மண்ணுக்கு அரசாங்கத்தோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. யு.என். தேபர் தலைமை வகித்தார். காமராஜர் அப்போது முதலமைச்சர். மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது அங்கேதான். தீர்மானத்தோடு நிற்கவில்லை. அறுபதுகளில் டேங்க் ஃபேக்டரி வந்தது. அதில் செய்த விஜயந்தா டாங்கி ராணுவத்துக்குப் போனது. க்ளோத்திங் ஃபேக்டரி வந்தது, அப்புறம் இன்ஜின் ஃபேக்டரி. இங்கே அண்ணனூரில் மின்சார ரயில்களைப் பராமரிக்கிற கார் ஷெட். பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அரசாங்கம் என்றால் அந்தத் தலைமுறைக்குக் காலைச் சங்கு, சம்பளத் தேதி, குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பென்ஷன். அவர்கள் அரசாங்கத்தை நம்பியது ஏமாளித்தனத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்புவதற்குக் கையில் பிடித்துப் பார்க்கிற காரணம் இருந்தது. காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தக் காரணத்துக்குள்ளேயே போய் வேலை பார்த்தார்கள்.

அவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் எப்படித் தெரிகிறது? 2021 அக்டோபர் 1ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கினார்கள். நம் ஆவடித் தொழிற்சாலைகளும் அப்படிக் கைமாறின. அது நல்லதா கெட்டதா என்று சங்கங்கள் இன்னும் வாதாடுகின்றன. தாத்தா போன வழியில் பேரன் போகலாம் என்ற உறுதி மட்டும் இப்போது இல்லை. அவனுக்குத் தெரிந்த அரசாங்கம் டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட். 2022 ஜூலை 24இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். முடிவு வந்தது எட்டு மாதம் கழித்து, 2023 மார்ச்சில். அதற்கு முந்தைய 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு நடந்தது. அழிகிற மையில் விடை எழுதிய கதை வெளியே வந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதே தேர்வை நம் தெருவில் மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்து எழுதிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரு மார்க்கில் போனவள் அவள். "நான் ஒழுங்கா எழுதினேன், அவங்க ஒழுங்கா நடத்தினாங்களா?" என்று கேட்டாள். அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை என்கிறோமே, அது இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதிலில்தான் இருக்கிறது.

ஓட்டுப் போடுகிற கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். 2022 நகர்ப்புறத் தேர்தலில் மாநில அளவில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வாக்குப்பதிவு. சென்னை மாநகராட்சியில் 43 சதவீதம் சொச்சம். பத்து வருஷம் கழித்து வந்த தேர்தல், பாதிப் பேர்கூட வரவில்லை. படித்தவர்களுக்குத் திமிர் என்று அன்றைக்குத் தொலைக்காட்சியில் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிற இளவயதுக்காரர்களைக் கேளுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, ராமநாதபுரம் என்று ஊர் ஊராக வந்து அம்பத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு, அண்ணனூரிலோ திருமுல்லைவாயலிலோ அறை எடுத்திருக்கிறார்கள். "ஓட்டு ஊர்ல இருக்குங்க" என்பார்கள். சட்டமன்றத் தேர்தலுக்குக் கோயம்பேட்டில் இடித்துப் பிடித்து பஸ் ஏறி ஊருக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இவர்கள். இவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லவே முடியாது. ஆனால் வருஷம் முழுக்க அவர்கள் நடக்கிற தெரு, குடிக்கிற தண்ணீர், ஏறுகிற ரயில் நிலையப் படிக்கட்டு எல்லாம் இங்கே. கேள்வி கேட்கும் உரிமை மட்டும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. கவுன்சிலருக்கு இவர்கள் ஓட்டு இல்லாதவர்கள். ஊருக்கு இவர்கள் திருவிழா விருந்தாளிகள். இப்போது வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது, வீடு வீடாகப் படிவம் வருகிறது. எந்த ஊரில் பெயர் இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் குழம்பி நிற்கிறார்கள். வீட்டுக்காரர்கள் இரண்டு வார்த்தை விளக்கிச் சொன்னால் பெரிய உதவி. "அட்ரஸ் ப்ரூஃப் எல்லாம் தரமாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

யாரும் வேண்டாம் என்று சொல்லும் நோட்டா 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அடுத்த வருஷமே நீலகிரித் தொகுதியில் 46,559 பேர் அதை அழுத்தினார்கள், நாட்டிலேயே அதிகம். 2024இல் இந்தூரில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் ஜெயித்து எம்.பி. ஆனார். அந்தப் பொத்தானால் வேறெதுவும் ஆகாது. கோபத்தைப் பதிவு செய்ய இடம் கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல யாரையும் வைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் புது முகத்துக்கான ஏக்கம் வருகிறது. 2005இல் விஜயகாந்த், 2018இல் கமல்ஹாசன், 2024 பிப்ரவரியில் விஜய் என்று நடிகர்கள் கட்சி தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கண்ணில் ஒரு வெளிச்சம் வருவதை நான் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறேன். அந்த வெளிச்சத்தை நான் கேவலமாகப் பேசமாட்டேன். இரண்டு மாதம் முன்னால், செப்டம்பர் 27ஆம் தேதி, கரூரில் விஜய் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் செத்துப்போனார்கள். ஒரு முகத்தைப் பார்க்க மணிக்கணக்கில் வெயிலில் நின்றவர்கள். கைக்குழந்தையோடு நின்ற தாய்மார்களும் அதில் உண்டு. யார் குற்றம் என்று விசாரணை சொல்லட்டும். இவ்வளவு ஆவலோடு நிற்கிற ஒரு ஜனத்துக்கு, அந்த ஆவலைக் கொண்டுபோய் உட்காரவைத்துப் பேச ஒரு சின்ன கூடம்கூட நாம் கட்டி வைக்கவில்லையே என்றுதான் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இலங்கையில் 2022இல் காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடி ஒரு ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை, கையில் காசில்லை என்று அரசாங்கம் தள்ளிப்போட்டது. 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. இந்த வருஷம் மே 6ஆம் தேதி தேர்தல் நடந்தது. கவனியுங்கள்: தேர்தல் நடக்காதது மக்களின் உரிமைக்கு இழைத்த தவறு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. நாம் ஐந்து வருஷம் நாலு மாதம் இழந்தோமே, அதை ஒரு இழப்பு என்றுகூட நாம் பேசிக்கொள்ளவில்லை.

நம் ஊருக்கே வருகிறேன். 2022 நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து நகரங்களிலும் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் முதலமைச்சரே ஒன்றில் உட்கார்ந்தார். கிராம சபை மாதிரி, வார்டுக்குள் இருக்கிறவர்கள் கூடி, கவுன்சிலர் முன்னால் கேட்கலாம், தீர்மானம் எழுதலாம். நல்ல ஏற்பாடு, மனப்பூர்வமாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்கள். நாற்பது பேர் இருந்திருப்போம். முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் போட்டோ எடுக்க வந்தவர்கள். காலை பதினொரு மணிக்கு, வேலை நாளில் வைத்தால், ஷிப்டுக்குப் போன பையன் எப்படி வருவான்? கல்லூரிக்குப் போன பெண் எப்படி வருவாள்? கூட்டம் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது. எழுந்து அதைத்தான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள், ஒரு வாரம் முன்னால் ஸ்டேஷன் வாசலில் நோட்டீஸ் ஒட்டுங்கள் என்றேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அடுத்த கூட்டத்துக்கும் போவேன், அதையே கேட்பேன். இங்கே இருக்கிற பெரியவர்கள் நாலைந்து பேர் கூட வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

ஓட்டால் என்ன ஆகும் என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் ஒரு எண் சொல்வேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் நம் ஆவடித் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவே இருந்தது 1,395 வாக்குகள். இந்தத் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நாலு தெருவில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். வார்டுத் தேர்தலில் இன்னும் சுருங்கும். ஐம்பது, நூறு வாக்கில் முடிவாகிற வார்டுகள் உண்டு. தான் போட்ட ஓட்டு என்ன ஆயிற்று என்று ஒரு மனிதர் கண்ணால் பார்க்கக்கூடிய தேர்தல் அது ஒன்றுதான். அதைத்தான் இந்தத் தலைமுறையிடமிருந்து தட்டிப் பறித்தோம். மேலே இருக்கிற எதன் மேலும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால், முதல் படியையே உருவிவிட்டு ஏறச் சொன்னது நாம்தான்.

முடிக்கிறேன். மழை ஆரம்பித்துவிட்டது, ரயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள்.

ஆறாம் வகுப்பில் கேள்வி கேட்ட அந்தப் பெண் போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது கல்லூரியில் முதல் வருஷம். இந்த மாதம் பதினெட்டு முடிந்திருக்கிறது. பெயர் சேர்க்கிற படிவத்தில் எதை எங்கே எழுதுவது என்று கேட்க வந்தாள். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, "கவுன்சிலர் தேர்தல் எப்ப வரும், மிஸ்? வருமா?" என்று கேட்டாள்.

இந்த முறை நான் திரும்பிக்கொள்ளவில்லை. இப்போது இருக்கிற மன்றம் 2022 மார்ச் தொடக்கத்தில் பதவி ஏற்றது. அரசமைப்புச் சட்டத்தின் 243யு பிரிவுப்படி, ஐந்தாண்டு முடிவதற்கு முன்னாலேயே அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். அதாவது 2027 மார்ச் தொடக்கத்துக்குள் என்றேன். நடத்தவில்லை என்றால் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு எழுதலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

அவள் செல்பேசியை எடுத்து, நாள்காட்டியில் 2027 மார்ச்சுக்குப் போய், ஒன்றாம் தேதியில் 'வார்டு' என்று தட்டிச் சேமித்துக்கொண்டாள்.